பீம் 17, இருபத்தெட்டாம் நாள்

செகாம்புட். நாலு மணி மழை
தகரக் கூரையில் ஜல்லி கொட்டுகிறது.
பதினேழாம் பீமை
ரோஃபிகுலும் நானும் தூக்கி
இயந்திரத்தின் உருளைகள்மேல் வைக்கிறோம்.
முப்பது கிலோ. இடுப்புக்குத் தெரியும்.

காலையில் உடைந்தது வெறும் கான்கிரீட்.
ஒரே சத்தம், அடுத்த கணம் இரண்டு துண்டு.
நோட்டீஸ் கொடுக்காமல்
வேலையை விட்டுப் போனவன் மாதிரி.

இதில் இரண்டு வகை நார்.
எஃகு, இரு முனையும் கொக்கி.
கலக்கிய அன்று கையுறையைத் துளைத்து
என் கட்டைவிரலில் ஒரு சொட்டு பார்த்தது.
மற்றது பாலிப்ரொப்பிலின், பூனைமுடிபோல மெல்லிசு.
சேர்ந்தால் உருண்டையாகிவிடும் என்று
ரோஃபிகுல் குந்தி உட்கார்ந்து
பிரித்துப் பிரித்துத் தூவினான்,
மீன்கறிக்கு மஞ்சள்தூள் போடுகிற அதே விரல்களால்.

வார்த்த இரவில்
ஈரம் மேலேறி வற்ற, கான்கிரீட் சுருங்கும்.
எஃகுக்கு அப்போது பிடிமானம் கிடைத்திருக்காது.
அந்த ஒரு இரவை
மெல்லிசுகள்தான் பார்த்துக்கொண்டன.

இன்று எஃகின் முறை.
முப்பத்திரண்டு கிலோ நியூட்டன். முப்பத்து மூன்று.
முப்பத்து நான்கில் ஒரு 'டிக்'.
சுண்ணாம்பு பூசிய வயிற்றில் கோடு.
விழவில்லை.
பக்கத்தில் இன்னொரு கோடு,
கொஞ்சம் பொறுத்து மூன்றாவது.
உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறேன்.
பிளவுக்குள்ளே, இரு கரையையும் பிடித்தபடி,
ஒரு கொக்கி நிமிர்ந்துகொண்டிருக்கிறது.
அறுந்துபோகாமல்
கொஞ்சம் கொஞ்சமாய் உருவிக்கொண்டு,
கிர்ர், கிர்ர் என்று.

பார்க்க வந்த வீடமைப்பு நிறுவனத்துக்காரர்
"நம்ம நாடு மாதிரி லா! கலந்தாத்தான் பலம்!" என்கிறார்.
போஸ்டருக்கு ஆகும் என்று படம் எடுக்கிறார்.
மிஸ்டர் யாப் சிரிக்கிறார்.
ரோஃபிகுல் காலைத் துண்டுகளைப் பெருக்குகிறான்,
குனிந்த அவன் முதுகு படத்தில் விழாதபடி
அவர் ஓரடி நகர்ந்துகொள்கிறார்.
அவன் பெர்மிட் பதினெட்டாம் தேதியோடு முடிகிறது.

சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை:
ஐயா, விரிசல் வரத்தான் போகிறது.
நார் அதைப் பங்கு போடுகிறது,
பெரிய நோட்டை மாற்றிச்
சில்லறை தருகிற மாதிரி.
அதுவும் அளவு தப்பினால் இல்லை.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
விரிசல் ஐந்து.
அகலமானது புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
பீம் ஒட்டியிருக்கிறது.

'கலக்கியவர்' என்ற கட்டத்தில்
எப்போதும் யாப்பின் இரண்டெழுத்து.
இன்று நான்
ரோஃபிகுல் இஸ்லாம் என்று முழுசாக எழுதுகிறேன்.
கட்டம் போதவில்லை.