பாடிக்கும் மண்ணுக்கும் நடுவே

சினிமாக் கம்பெனி கழித்துவிட்ட கேரவன்,
ஏலத்தில் ஒன்றேகால் லட்சம்.
எந்த நடிகை உட்கார்ந்த இடமோ,
கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு.
ஏழுதான் எரியும்.
அந்த ஏழின் வெளிச்சத்தில்
அர்த்தநாரி பிடரியில் ஒட்டிய சுணையைத் துடைக்கிறான்.
அறுவடை மிஷின் ஓட்டுகிறவனுக்கு
இத்தனை பெரிய கண்ணாடி எதற்கென்று
கேட்காத ஊரில்லை.

தை பிறந்தால் ஆத்தூரிலிருந்து கிளம்புவோம்.
லாரியில் மிஷின், டிராக்டர் வாலில் கேரவன்,
என் பெயரில் தவணை.
இந்த முறை ஆலத்தம்பாடி. சம்பா சாய்ந்து கிடக்கிறது.

இந்தப் பெட்டிக்குள் மின்சாரம் இரண்டு.
கட்டிலுக்கடியில் பேட்டரி, பன்னிரண்டு வோல்ட்:
தலைமாட்டு விளக்கு, குழாய்க்குச் சின்ன பம்பு.
வெளியிலிருந்து ஒயரில் வருவது மற்றது:
மிக்சி, ஃபேன், அந்த ஏழு பல்பு.
நடுவே தகரப் பெட்டியொன்று
ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டு
அதை இதாக்கும்.
இதை அதாக்காது.
இவ்வளவு தெரிய எனக்கு
இரண்டு வருஷமும் ஒரு பேட்டரியும் செலவு.

மூன்றாம் நாள் விடிகாலை, நல்ல பனி.
வெறுங்காலோடு வயலில் நின்று
கதவுப் பிடியைத் தொட்ட மாதையன்
வரப்பில் போய் விழுந்தான்.
எழுந்ததும் சொன்னான்:
அக்கா, அந்த நடிகை செத்துட்டா போல.

பேய்க்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
ஒரு முனை பாடியில், ஒரு முனை சேற்றில்.
இருநூற்றுப் பதினான்கு.

சவரிமுத்து டீக்கடையில் நாளுக்கு ஐம்பது ரூபாய்க்கு கரண்ட்.
இரண்டு முள் பிளக்.
இப்படிச் செருகினால் ஒன்றுமில்லை;
திருப்பிச் செருகினால்
வண்டி மொத்தமும் பேஸ்.
போன இரண்டு ஊரிலும் இப்படியே செருகியிருக்கிறோம்,
பார்த்தா செருகினோம்?

மெயினை இறக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.
பின்னால் பவுடர் தூசி,
ஒரு கொண்டை ஊசி,
ஒட்டிக் காய்ந்த மெரூன் பொட்டு.
அதற்கும் கீழே
நியூட்ரலைப் பாடியோடு முறுக்கி
டேப் சுற்றியிருந்தான் எவனோ.
வெளிச்சம் போய்விடும், சீக்கிரம், என்று
யாரோ அவனை விரட்டியிருக்க வேண்டும்.
திட்ட வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
நானும் அறுவடையில் விரட்டுகிறவள்.

பிரித்தேன். தனித்தனியே கட்டினேன்.
திருத்துறைப்பூண்டி போய்
மூணு முள் பிளக், பச்சை ஒயர் இருபது மீட்டர்,
கசிந்தால் தானே விழும் சுவிட்ச்,
ஆறடிக் கம்பி ஒன்று.
ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்பதற்கு
மண் கிடையாது;
நாம்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் எர்த் போட
கடப்பாரை தெறிக்கும், கை காய்க்கும்,
நாலடிக்குக் கீழே பாறை.
இங்கே சுத்தியலை எடுத்து வரச் சொல்லிவிட்டு
சும்மா ஊன்றிப் பார்த்தேன்.
இறங்கியது.
அழுத்தினேன், இன்னும் இறங்கியது,
களி வாங்கிக்கொண்டே போனது,
என் முஷ்டி சேற்றைத் தொடும்வரை.
மாதையன் சுத்தியலோடு நின்றான்.

மீட்டரில் பூஜ்யம்.
அவன் நம்பவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு, புறங்கையால், ஒரு விரலால்,
அப்புறம் உள்ளங்கையால் தொட்டான்.

பதினோராம் நாள் கடைசி வயலும் முடிந்தது.
கச்சனத்தில் ஆள் காத்திருக்கிறார்.
கம்பி வரவில்லை.
நாலு பேர் இழுத்தோம்.
நூற்றெண்பது ரூபா கம்பிதானே, விடுங்க என்றான் அர்த்தநாரி.
கயிறு கட்டி, ஆட்டி ஆட்டி,
கடைசியில் சளக்கென்று வந்தது;
குழியில் அப்போதே தண்ணீர்.

கரும்களி முழங்கை தடிமனுக்கு ஏறியிருந்தது.
துடைக்கவில்லை.
அப்படியே கட்டிலுக்கடியில்,
பேட்டரியைத் தொடாமல்,
சாக்கில் சுற்றி வைத்தேன்.
கச்சனம் போவதற்குள் காய்ந்து உதிரும்.
உதிரட்டும், கூட்டிக்கொள்ளலாம்.