எக்ஸெல் கை

ஆர்டர் ரத்தான மறுநாள்
கட்டிங் மாஸ்டர் நாகமாணிக்கம்
பேட்டர்ன் அட்டைகளை மூலைக்குத் தள்ளினார்.
முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப் பட்டி,
ஏழு ஸ்டைலுக்கும் எக்ஸெல் சைஸில் கை.
பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார்.
நான் கைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
"படிக்கிறதுக்குங்க" என்றேன்.
கையில் என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை.

குரூப் ஃபோர் எனக்கு மூன்றாம் தடவை,
சவுடேஸ்வரிக்கு இரண்டாவது.
வேலம்பாளையத்தில் ஒரே அறை, ஒரே ஃபேன்.
அவள் பையிங் ஆபீஸில் டேட்டா என்ட்ரி.
பாடம் ஓடும்போது அவள் கட்டைவிரல் இரண்டும்
தகரத்தில் புளியங்கொட்டை கொட்டினாப்பல
போனில் இறங்கும்.
வாத்தியார் மூச்சு வாங்குவதற்குள்
வாக்கியம் முழுசாக அவளிடம் சேர்ந்திருக்கும்,
இடையில் அவர் சொன்ன "சரிங்களா" உட்பட.
என் பேனா பின்னாலேயே ஓடும்,
கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி.
பஸ்ஸை விட்டுவிட்டு
வழியில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு வரும்:
எழுவத்து மூணு. அடுக்கு மூணு.
பொம்பளைக்கு மூணுல ஒண்ணு.

அவளும் எக்ஸெல்லில்தான் வைத்திருந்தாள்,
கட்டம் கட்டமாக, தேதிவாரியாக.
என் எக்ஸெல்லுக்கு அக்குள் வளைவு இருந்தது.

"கையெழுத்து நல்லா இருந்தா
தலையெழுத்து நல்லா இருக்காதாம்" என்றவள்
என் அட்டையை லைட்டுக்குத் தூக்கிப் பார்த்தாள்.
"உனக்குக் கலெக்டர் வேலையே கெடைக்கும் புள்ள."

கல்வி உரிமை எங்கே என்றால்
இரண்டு எழுத்தைத் தட்டி எடுத்துவிடுவாள்.
நான் ஏழு கைகளையும் பாயில் விரித்து
மண்டி போட்டுத் தேடுவேன்.
தேடும்போது வேண்டாததும் நாலு கண்ணில் படும்.
ஐப்பசி மழைக்கு உள்ளே ஒதுங்கிய எலி
ஓரத்திலிருந்த அடிப்படைக் கடமைகளைத் தின்றது.
பதினொன்றில் ஏழுதான் மிச்சம்.
மீதி நாலை அவள் போனைப் பார்த்துத்தான்
வேறொரு கையில் எழுதினேன்.
இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி
என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை.
"கோழி கெளறின குப்பையாட்ட இருக்குது" என்றாள்.
படிக்க முடியவில்லை,
என்ன எழுதியிருக்கிறதென்று மட்டும் தெரிந்தது.
அவள் பக்கம் ஒவ்வொரு எழுத்தும் முத்து.
யாரோ அனுப்பிய கடிதம் போல
உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள்.

காங்கயத்தில் ஒரு பள்ளிக்கூடம்.
சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முட்டி இடித்தது.
இருநூறு கேள்விக்கும் ஓர் எழுத்துகூட எழுத வேண்டாம்,
கறுப்புப் பேனாவால் வட்டத்தை அடைத்தால் போதும்.
கிராம ஊராட்சி எந்த உறுப்பு?
அக்குள் வளைவு தெரிந்தது.
அன்றைக்குச் சிந்திய ரசம் தெரிந்தது.
ரசத்துக்கு மேலே நாற்பது.

வெளியே வந்ததும் கேட்டேன், அவளும் நாற்பதுதான்.
"அடிக்கையில நாப்பத்தொண்ணுன்னு அடிச்சுட்டு அழிச்சேன்.
அந்த அழிச்சது மனசுல நின்னுக்கிச்சு."
இன்னொரு கேள்வியில் இரண்டு பேருமே
ஐந்தாவது வட்டம்: விடை தெரியவில்லை.
கரும்புச் சாறு குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.
போன திங்கட்கிழமை, ரத்து செய்த பையரே
மறுபடி மெயில் போட்டிருந்தான்:
நாலாயிரம் பீஸ், அதே ஸ்டைல்.
"அந்த எக்ஸெல் கை எங்க அம்மிணி?"
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மாஸ்டர் இப்படியும் அப்படியும் திருப்பினார்.
எழுத்து மேலே தெரிய துணியில் வைத்து
சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே வந்தவர்
எலி தின்ற இடத்தில் நின்றார்.
"இங்க என்ன இருந்துச்சு?"
"நாலு கடமைங்க."
"அத ஒட்டிக் குடு மொதல்ல" என்று
டேப்பை நீட்டினார்.