வென்ஸ்கெல்: வேகத்தைக் குறைக்கவும்

அந்தப் பெயர் எனக்குக் கல்யாணத்தில் வந்தது.
கல்யாணம் போய்விட்டது, பெயர் போகவில்லை.
பாஸ்போர்ட்டில் மாற்றக் கட்டணம் கேட்டார்கள்.
வங்கியில் வரிசை நீளம்.
சோம்பல் என்றான் ராய்டன்.
இருக்கட்டும், சோம்பலும் ஒருவகை உரிமைதான்.

தேடியவரை இங்கிலாந்தில்
அந்தப் பெயருக்கு இரண்டே தொலைபேசி எண்கள்.
ஒன்று அவனுடையது. ஒன்று என்னுடையது.
பெயரைச் சொன்னதும்
எதிர்முனையில் பேனா நின்றுவிடும்.
வி-யா, டபிள்யூ-வா? எல் ஒன்றா, இரண்டா?
முப்பது வருடம் எழுத்துக்கூட்டியே
தொண்டை கட்டிப்போனது.

வேலை போன நவம்பரில்
கார்லைல் நூலகத்தில் உட்கார்ந்து தேடத் தொடங்கினேன்.
பாசத்தினால் அல்ல.
அங்கே கதகதப்பாக இருந்தது.

கம்ப்ரியாவில் வென்ஸ்கெல் என்று ஓர் ஊர்:
நாலு வீடு, பனிக்கு ஓர் உப்புப் பெட்டி,
ஆடு உரசிய ரோமத்தோடு ஒரு பெயர்ப்பலகை.
அங்கே வென்ஸ்கெல் ஒருவரும் இல்லை.
"எப்போதுமே இருந்ததில்லையே" என்றார் பால்காரர்.
ஊரை விட்டுப் போனவனைத்தானே
ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
உள்ளேயே கிடப்பவனுக்கு அது எதற்கு?

நியூஃபவுண்ட்லாந்தில் வென்ஸ்கெல் முனை.
கடல் ஒத்துக்கொள்ளாத மூன்று நாளும்
வரைபடக்காரனுக்குக் கஞ்சி வைத்த
சமையல்காரனின் பெயராம் அது.
அவன் கரை இறங்கவேயில்லை.

தென் ஆஸ்திரேலியாவில் வென்ஸ்கெல் நிறுத்தம்:
தகரக் குதிர், துரு,
எதுவும் நிற்காத ஒரு நிறுத்தம்.

பிறகு ஜமைக்கா.
அங்கே ஒரு பத்தி முழுக்க அந்தப் பெயர்.
முதலில் எடுத்தவள் டெல்ரோஸ்,
மாண்டெவிலில் டயர் கடை,
பின்னால் காற்றடிக்கும் இயந்திரத்தின் உறுமல்.
பெயரைச் சொன்னேன்.
அவள் எழுத்துக்கூட்டச் சொல்லவில்லை.

"அங்கே எத்தனை பேர் நீங்கள்?"
"இரண்டு. அவர்களும் பேசிக்கொள்வதில்லை."
சிரித்தாள்.
"போன சாவுக்கு நாங்கள் நூற்றுப் பதினாறு,
கைக்குழந்தைகளை எண்ணாமல்."

கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது:
உங்களுக்கு எப்படி வந்தது இந்தப் பெயர்?

காற்று இயந்திரத்தை யாரோ அணைத்தார்கள்.

"கணக்குப் புத்தகத்திலிருந்து.
ஜூபா, ஒரு கண் இல்லை.
ஃபிபா, பதினொரு வயது.
வெள்ளாடு ஏழு.
ஒரே பக்கம், ஒரே மை.
பக்கத்தின் தலையில் உங்கள் வென்ஸ்கெல்."

என்னுடையவன் அல்லன்,
எனக்கு அது கல்யாணத்தில் வந்தது என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
முப்பது வருடம் சுமந்ததை
அந்த ஒரு நொடியில்
சத்தமில்லாமல் கீழே வைக்கப் பார்த்தேன்.
விழுங்கிக்கொண்டேன்.
அதற்கும் ஏதோ கட்டணம் இருக்கும்.

"மாற்றிக்கொள்ள நினைத்ததில்லையா?"
"என் அண்ணன் மாற்றினான், அது அவன் இஷ்டம்.
என் கடைப் பலகையில் சிவப்பு பெயின்ட் அடித்தது நான்.
அந்தத் துரை வைத்திருந்ததைவிட
நாங்கள் அதிக நாள் வைத்திருக்கிறோம்.
டயர் எந்த வண்டியிலிருந்து வந்தால் என்ன,
தேய்மானம் எங்களுடையது."
பிறகு, "வாடிக்கைக்காரர் நிற்கிறார்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு தபால்.
அவள் அத்தை ஐவரினின் இறுதிச் சடங்குத் தாள்.
பின்பக்கம் பொடி எழுத்தில்
விட்டுச் சென்ற சொந்தங்களின் பெயர்கள்.
கடைசிக்கு முந்தைய வரியில்
ஹெஸ்டர், இங்கிலாந்து.
உறவுமுறை எழுதும் இடத்தில்
ஒரு கோடு மட்டும்.

அந்தக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
தாளைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து நிறுத்தியிருக்கிறேன்.
பால் எடுக்கும்போதெல்லாம் அசைகிறது.

போன ஞாயிறு அந்த நாலு வீட்டைத் தாண்டிப்
பேருந்தில் போனேன்.
வென்ஸ்கெல், என்றது பலகை,
தயவுசெய்து வேகத்தைக் குறைக்கவும்.

ஓட்டுநர் குறைக்கவில்லை.