நாலுக்கு ஆறு, மெட்

மூன்று கடையிலும் ஒரே படத்தைத்தான் கொடுத்தேன்.
எங்கள் காம்பராவின் பின்சுவர்.
தகரத்துக்குக் கீழே தொடங்கி
மீட்டர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு
அடுப்படி வரை இறங்கும் வெடிப்பு.
அளவு தெரியட்டும் என்று
அதன் வாயில் ஐந்து ரூபாக் குற்றி ஒன்றைச் செருகியிருந்தேன்.
குற்றி நின்றது.
அதுதான் படம்.

கிராம சேவகர் சொல்லியிருந்தார்:
போனை நீட்ட வேண்டாம், கோப்புக்குள் போன் போகாது.
தெளிவான பிரதி மூன்று. வெள்ளிக்கிழமைக்குள்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே முதல் கடை.
பிரதி நாற்பது ரூபா.
இயந்திரம் நாக்கை நீட்டுவதுபோல் நீட்டியது,
அப்படியொரு பளபளப்பு.
கையில் பிடித்தால் சுவரைவிட என் முகம் தெரிகிறது,
முகத்துக்குப் பின்னால் டியூப் லைட்.
வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு
இருக்கிறது.
மற்றவர்களுக்கு ஒட்டடை.

இரண்டாவது கடையில் ஒரு தம்பி,
கல்யாண அல்பம் செய்து செய்து கை பழகியவன்.
அரை மணி நேரம் கணினிக்குள் குனிந்திருந்தான்.
சொட்டும் குடையைக் காலிடுக்கில் வைத்துக் காத்திருந்தேன்.
"சுவர் கொஞ்சம் அசிங்கமா இருந்திச்சு அக்கா,
கிளீன் பண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."
வெடிப்பு இல்லை.
பூசி மெழுகி இளநீலம் தடவிய சுவர்.
நடுவில், எதிலும் ஒட்டாமல்,
ஐந்து ரூபா அந்தரத்தில் நின்றது.

இருபத்திரண்டு வருஷம்
தோட்டத்துக் கந்தோருக்கு எழுதியும் வராத பூச்சு
முப்பது நிமிஷத்தில், சும்மா.
சிரிப்பு வந்துவிட்டது.
பாராட்டுகிறேன் என்று அவனும் சிரித்தான்.
ஏச மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு இறங்கும் படிக்கட்டருகே
நஸ்மியா ராத்தாவின் கடை.
விலையைக் கேட்டேன், அவள் படத்தைக் கேட்டாள்:
"இது வாட்ஸ்அப்பில வந்ததா?
அனுப்பி அனுப்பிச் சக்கையாப் போயிருக்கு.
எடுத்த போனையே கொண்டாங்க."
எடுத்த போன் தங்கை லோஜினியிடம்,
லோஜினி கொட்டகலையில், மருந்துக்கடையில், ஆறு மணி வரை.
ஒரு நாள் போனது. பஸ் காசும் போனது.

மறுநாள் வயரைச் செருகிப் படத்தை இறக்கினாள்.
முழுதாக அடிக்கவில்லை.
விரலகலத் துண்டொன்றை மட்டும் அடித்து
வாசலுக்கு எடுத்துப் போனாள்.
"லைட்டு வெளிச்சம் பொய் சொல்லும்."
வாசலில் பனிமூட்டம். அதுவும் பொய் சொல்லும்போல.
விலகும் வரை இருவரும் நின்றோம்,
அவள் கையில் எங்கள் சுவரின் ஒரு கீற்று.

நாலுக்கு ஆறு. மெட்.
பிரதி நூற்றுப் பத்து.
பளபளப்பே இல்லை. ஈரக்கறை ஈரக்கறையாகவே வந்தது,
புகை புகையாக,
வெடிப்புக்குள் இருட்டு, இருட்டுக்குள்
அந்தப் பக்கத்து மண்.
மகள் பென்சிலால் போட்ட தேதிகள்கூடப் படிக்க முடிந்தது.
அப்புறம்,
குற்றியின் வலப்பக்கம் மயிரிழையாய் இன்னொன்று,
படுக்கை இருக்கும் திசைக்குப் போகிறது.
தினமும் பார்க்கிற சுவர்.
நான் பார்த்ததில்லை.

ராத்தாவின் விரலும் அங்கேயே நின்றது.
"எந்தப் பக்கம் தலை வச்சிப் படுக்குறீங்க?"
கேட்டுவிட்டு, கேட்காததுபோல்
நாலாவதாக ஒன்று அடித்தாள்.
அதற்குக் கணக்கெழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றையும் கோப்பில் குத்தினார்கள்.
ஸ்டேப்ளர் முள் வெடிப்பின் குறுக்கே விழுந்தது.
இதுவரை அந்தச் சுவருக்கு யாரேனும் போட்ட
ஒரே தையல்.

கட்டிலை மாற்றிப் போட்டோம்.
இளநீலச் சுவரை மகள் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.
குற்றியை எடுக்க மறந்துபோனேன்.
விடிய மூன்று மணியிருக்கும், மழை விட்டிருந்தது.
சீமெந்துத் தரையில்
அது விழுந்து உருண்ட சத்தம் கேட்டு
எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம்.