இறங்காத ஷட்டர்

கோரிமேடு தாண்டியதும்
பைகளிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வருகின்றன.
அடிவாரத்தில், முன் சீட்டுக் குழந்தைக்குக்
குரங்குக் குல்லா மாட்டுகிறார்கள்.
நான் ஷட்டரை ஏற்றிவிடுகிறேன்.

ஏற்காடு துணை அஞ்சலகத்துக்குப்
பதினோரு வருஷமாக இதே ஏழரை வண்டி.
முன்பெல்லாம் எட்டாவது வளைவில் எனக்கும் குளிரும்.
இப்போது நாற்பத்தெட்டு.
இரண்டாவது வளைவிலேயே
தொப்புளுக்கு மேல் யாரோ
பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிறார்கள்.
மார்பு, கழுத்து, காதுமடல்,
கடைசியில் மேலுதட்டில் வேர்வை.
மூன்று நிமிஷம். சில நாள் ஐந்து.
அது இறங்கிய பிறகு
நனைந்த ரவிக்கைக்குள் மார்கழி புகுந்துகொள்ளும்.

"சாத்துங்கம்மா, பச்சக் கொழந்த இருக்கு."
சாத்துகிறேன்.
அடுத்த வளைவில் திறக்கிறேன்.

அஸ்தம்பட்டி டாக்டருக்கு
என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
ஸ்கேன் பார்த்தாள், தைராய்டு பார்த்தாள்.
எல்லாம் நார்மல், மாறுகிற வயசு என்றாள்.
எதிலிருந்து எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்,
வெளியே பதினேழு பேர்.
அடுத்த மாதம் அதைக் கேட்பதற்காகவே
இன்னொரு முறை டோக்கன் போட்டேன்.
பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினாள்.
நாலு வருஷம் ஆகலாம், எட்டும் ஆகலாம்,
தாங்க முடியாவிட்டால் மருந்து இருக்கிறது,
தாங்கித்தான் ஆகவேண்டும் என்று
உங்களுக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை.
அதுதான் விஷயம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் புள்ளி வைப்பேன்.
சித்திரையில் இருபத்திரண்டே நாளில் ஒன்று.
வைகாசி, ஆனி, ஆடி வெறுமை.
முடிந்தது என்று
மிச்சமிருந்த பாக்கெட்டை மகளிடம் கொடுத்த அன்றைக்கு,
முதியோர் பென்ஷன் எண்ணிக்கொண்டிருந்த கவுண்டரில்,
நாற்காலி வரைக்கும்.
தபால் கொண்டுபோகிற ரெஜினா
துப்பட்டாவை உருவி என் இடுப்பில் கட்டினாள்.
வரிசையைப் பார்த்து "சர்வர் டவுன், அரைமணி ஆகும்" என்றாள்.
சர்வருக்கு ஒரு குறையும் இல்லை.

சொற்களும் தொலைகின்றன.
"அதை எடுங்க, அந்த மஞ்சளா, கசப்பா, பொடியா..."
கணவர் மஞ்சள்தூளை நீட்டுகிறார்.
வெந்தயம்.
டப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
பாவம் மனுஷன், கடைக்குப் போய்
அரைக்கிலோ வெந்தயம் வாங்கி வந்துவிட்டார்.

இரவு மூன்று மணிக்கு மொட்டைமாடி.
ஊர் முழுக்க அன்றைய வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
எதிரே இருட்டில் மலை.
ஏதோ ஒரு லாரி,
விளக்கு தெரிகிறது, மறைகிறது,
கொஞ்சம் மேலே மறுபடி தெரிகிறது.
இந்நேரத்துக்கு நான் மட்டும் இல்லை என்று
அதற்குப் போய் நன்றி சொல்ல முடியுமா?

இன்று பதினெட்டாவது வளைவில்
மஃப்ளர் கட்டிய ஒருவர் எழுந்து
என் தலைக்கு மேலே கை நீட்டினார்.
கண்டக்டர் குப்புராஜ்
டிக்கெட் மெஷினிலிருந்து நிமிராமலே சொன்னார்:
"சார், அது ரிப்பேர். இறங்காது.
டிப்போல எழுதிப் போட்டிருக்கு."
மஃப்ளர் முனகிக்கொண்டே உட்கார்ந்தது.

போன வாரம் மழையில்
நானே இறக்கிய ஷட்டர்,
வெண்ணெய்போல் இறங்கியது.

அவரைப் பார்த்தேன்.
அவர் சில்லறையைப் பார்த்தார்.
"எங்க வீட்ல ஃப்ரிட்ஜத் தொறந்து வெச்சுக்கிட்டு
நிக்கறாங்கக்கா" என்றார்.
பிறகு சத்தமாக,
"ஒண்டிக்கடை எறங்கறவங்கல்லாம்
முன்னாடி வாங்க."

ஜன்னலில் மூடுபனி வந்து
முகத்தில் உட்கார்ந்தது.

அலுவலகம் திறந்ததும் முதல் வேலை
தேதி முத்திரையை மாற்றுவது.
வலது தோள் இந்த ஆவணியிலிருந்து உயர மறுக்கிறது,
எனவே இடது கை.
நேற்றைப் பிடுங்கி இன்றைச் சொருகி
ரெஜினா நீட்டிய வெற்றுத்தாளில்
ஒரு குத்து.

கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
படிக்க முடிகிறது.