இரண்டு ரொட்டி

பாசிலியா திகோனாவுக்கு
அளவு முகமூடியை மாட்டிவிட்டது நான்தான்.
தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றாள்.
சரி, தொப்பிக்கு மேலேயே வாரை இழுத்துக் கட்டினேன்.
முதுகுத் துணியில் பதினெட்டு கிலோ மணல்,
தினமும் சுமக்கும் ரொட்டியின் அதே எடை.
"இது சுடவில்லையே" என்றாள்,
"முதுகு நம்பாது."

முதலில் சமதளம்.
ஊன்றிய காலின்மேல் உடம்பு
தலைகீழ் ஊசலாய் எழுந்தது,
எழுந்த உயரத்தை வேகமாக மாற்றி விழுந்தது,
விழுந்த வேகத்தை மறுபடி உயரமாக்கியது.
பாதிக்கு மேல் கைமாற்றிலேயே ஓடிவிடும்;
துண்டு விழுவதை மட்டும் தசை போட்டுக் கட்டும்.
திரையில் கோடு
வெயிலில் படுத்த நாய்போல அசையாமல் கிடந்தது.

பலகையைச் சரித்தேன்.
ஐந்து. பத்து. பதினைந்து.
கைமாற்று நின்றது.
எழுந்த உடம்பு எழுந்த இடத்திலிருந்தே
அடுத்ததற்கு எழ வேண்டும்,
திரும்பி வர எதுவுமில்லை.
இனி ஒவ்வொரு அடியும் ரொக்கம்.
இடுப்பு முன்னே மடங்கியது,
பிட்டத்துப் பெருந்தசை விழித்துக்கொண்டது,
கெண்டைக்கால் கல்லாகி இளகிக் கல்லானது.
நான்கு பங்கு எரித்தால் ஒரு பங்கு மேலே போகும்,
மூன்று பங்கு வெறும் சூடு.
அந்த மூன்று பங்குதான்
அவள் கழுத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது,
சன்னலுக்கு வெளியே
இல்லிமானி பனியில் குளிர்ந்திருக்க.

இரவு கணக்குப் போட்டேன்.
அவளும் சுமையும் எண்பது கிலோ.
அடுப்படியிலிருந்து மேட்டுத் தெரு வரை
உயரம் நானூறு மீட்டர்.
பெருக்கி, நான்கால் மறுபடி பெருக்கி,
கலோரியாக்கி,
அவள் விற்கும் ரொட்டியால் வகுத்தேன்.
இரண்டு.
கொஞ்சம் குறைவாக, இரண்டு.

அதே இரண்டைத்தான்
முதலாளி எர்மோஹெனெஸ்
நாள்தோறும் அவள் கூலியில் பிடிக்கிறார்.
முந்நூறு எண்ணிக் கொடுத்தால்
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குத்தான் காசு வருகிறதாம்.

தாளை எடுத்துக்கொண்டு போனேன்.
மாவுக் கையால் வாங்கி
வளைகோட்டைத் தலைகீழாகப் பார்த்தார்.
"மலை தின்றது என்கிறாய்.
மலையிடம் வசூல் செய்."
பாசிலியா சிரிக்கவில்லை.
பதினொரு வருடமாய் இதையே சொல்கிறேன், என்றாள்,
எந்திரம் இல்லாமல்.

மறுநாள் விடியலில் அவளோடு ஏறினேன்.
எனக்குச் சுமை இல்லை,
இருந்தும் மூன்றாவது திருப்பத்தில்
காதுக்குள் இதயம் தட்டியது.
இந்த உயரத்தில் ஏற்றத்தின் விலை அதேதான்,
பையில் இருக்கும் பணம்தான் குறைவு:
ஒரு மூச்சுக்குள் அவ்வளவே காற்று.
படிக்கட்டு செங்குத்தாகப் போன இடத்தில்
அவள் படியை விட்டுவிட்டு
மண்சரிவில் குறுக்காக நடந்தாள்,
இடம், வலம், மறுபடி இடம்.
எந்தச் சரிவுக்கு மேல் நேரே ஏறுவது நட்டமென்று
என் தாளில் ஓர் எண் இருக்கிறது.
ஆட்டுத்தடம் அதற்கு முன்பே
அங்கே திரும்பியிருந்தது.

பாதி வழியில் மூட்டையை இறக்காமல்
சுவரில் சாய்த்து நின்றாள்.
துணிக்குள் கைவிட்டு ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டாள்.
பெரிய பாதி அவளுக்கு.
"உனக்குச் சுமை இல்லையே."

பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்தது.
இறக்கம்.
வரைபடத்தில் இதுதான் மலிவு,
மிதமான சரிவில் சமதளத்தைவிடவும் மலிவு.
தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்தும்,
மூச்சு வாங்காது, பேசிக்கொண்டே வரலாம்.
பேசினாள்: இடது முழங்கால்,
மழைக்கு முன் அது சொல்லும் சேதி,
மகன் ஈவாரிஸ்தோ ஓட்டும் கேபிள் கார்,
அதன் கட்டணம்.
பிறகு கேட்டாள்,
"இறங்குவதற்கு எத்தனை ரொட்டி?"

அரை கூட இல்லை என்றேன்.

இன்று மூன்றாம் நாள்.
தொடை இரண்டும் நெருப்பு.
நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி
பக்கவாட்டில் எழுகிறேன்,
கழிவறைக்குப் போக ஆறு படி.
அந்த அரையை
பென்சிலால் அடித்துவிட்டு
இன்னும் எதுவும் எழுதவில்லை.