ஓரிடத்தான்

இரவு இரண்டு மணி.
வேலந்தாவளம் எடைமேடையில்
பிளீச்சிங் பவுடர் ஏற்றிய லாரி.
பழனாண்டி இறங்கிக் கண்ணைக் கசக்குகிறான்.
நெடி அவனுக்கு முன்பே
என் அறைக்குள் வந்துவிட்டது.

வெற்று வண்டிக்கும் எடை உண்டு, சுமை கிடையாது.
அணுக்கருவில் நியூட்ரானும் அப்படித்தான்:
எடை உண்டு, மின்சுமை இல்லை.
பரீட்சையில் இதை எழுதி இரண்டு மார்க் வாங்கியவள்
இங்கே சீட்டுக் கிழிக்கிறேன்.

புத்தகத்தில் ஐசோடோப்பு.
கல்லூரி நூலகத்தின் அட்டை கிழிந்த அகராதியில்
ஓரிடத்தான்.
யாரோ வரப்புத் தகராறில்
கேஸ் போட்டவன் பெயர் மாதிரி.
அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் குடியிருப்பவன்,
எடை மட்டும் வேறு.

எனக்குத் தெய்வானை என்று பெயர் வைத்து
நான்கு வருடம் கழித்துத்
தம்பிக்கு ஷிஜு என்று வைத்தார்கள்.
கணக்கெடுக்க வந்தவர் தாய்மொழி கேட்டார்.
நான் தமிழ் என்றேன்.
மலையாளம் என்றான் ஷிஜு.
கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த அம்மா
நிமிராமலே சொன்னாள்,
"ரெண்டும் எழுதிக்கோங்க சாரே."
கட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

எனக்கும் அவனுக்கும்
இரண்டு நியூட்ரான் வித்தியாசம் இருக்கலாம்.
யாரிடம் கூடுதல் என்று கேட்காதீர்கள்.
எங்கள் மேடை
இருபது கிலோவுக்குக் கீழே பார்க்காது.

குளோரினுக்கு அணு எடை முப்பத்தைந்தரை.
முப்பத்தைந்து மூன்று பங்கு,
முப்பத்தேழு ஒரு பங்கு,
கூட்டி வகுத்தால் வருகிற கணக்கு.
ஆனால் முப்பத்தைந்தரை எடையில்
ஓர் அணுகூட இல்லை.
இந்த மூட்டைகளில் இல்லை,
கடல் உப்பில் இல்லை,
எங்குமே இல்லை.

"நீங்கெல்லாம் பாதி அது, பாதி இது"
கோயம்புத்தூர் அத்தை சொல்லும்போதெல்லாம்
அந்த அரையை நினைத்துக்கொள்வேன்.
அவள் போடும் காப்பியைக் குடித்துவிட்டு
பஸ் ஏறுவேன்.

"அந்தப் பக்கத்து மேடையில
நாப்பது கிலோ கூடக் காட்டுச்சே?"
பழனாண்டி சீட்டை விளக்கில் பிடித்துப் பார்க்கிறான்.
"எது சரி?"
அங்கே நிறுத்தும்போது
நீங்கள் வண்டிக்குள் இருந்தீர்களா என்று கேட்கிறேன்.
யோசிக்கிறான்.
"கிளீனரும் இருந்தான். தூங்கிட்டு."

லாரி போய்விட்டது.
நெடி போகவில்லை.
கண் எரிகிறது.
முப்பத்தைந்தா முப்பத்தேழா,
எரிகிற கண்ணுக்குத் தெரியவில்லை.
குழாயைத் திறந்து
முகம் கழுவப் போகிறேன்.
தண்ணீரிலும் கொஞ்சம் குளோரின் வாசம்.